நம் பாட்டிமார் முதன்முதலில் வாக்களித்த நாள் எது?

2017ஆம் ஆண்டு இந்த நாட்டுச் செம்பனைக்கு நூறு வயது நிறைந்தது. 1917இல் கோல சிலாங்கூர் தெனாமாரம் தோட்டத்தில் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நட்டார். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அமைச்சு முதல் நிறுவனங்கள் வரை நூற்றாண்டு விழா எடுத்தார்கள். எடுக்கட்டும், நாட்டுக்குச் சோறு போட்ட மரம்தான் அது. ஆனால், அந்த மரத்தடியில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிய பெண்களுக்கு இந்த நாட்டில் எப்போது வாக்குரிமை வந்தது என்று யாராவது கேட்டோமா?

கேட்பதற்கு இப்போது ஒரு நல்ல காரணம் இருக்கிறது. 1955 ஜூலை 27, புதன்கிழமை, மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. 21 வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும், ஆண் பெண் பேதமின்றி, வாக்குரிமை உண்டு என்பது சட்டம். பல நாடுகளில் பெண்கள் முதலில் ஊர்வலம் போய், சிறைக்குப் போய்ப் பெற்ற உரிமை இங்கே ஆண்களுக்கு வந்த அதே நாளில் பெண்களுக்கும் வந்தது. 2030 ஜூலை 27இல் அதற்கு 75 ஆண்டு. இப்போதே பேசத் தொடங்கினால்தான் உருப்படியாக ஏதாவது செய்ய முடியும். அந்த முதல் வரிசையில் நின்றவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்களுக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல்.

நம் வட்டாரத்துக்கு இந்த நாளோடு ஒரு தனி உறவும் உண்டு. 1955இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 52 பேர். அவர்களில் 51 பேர் கூட்டணிக் கட்சியினர். அந்த 52 பேரில் பெண் ஒருவர்தான், ஹலிமாத்தோன் அப்துல் மஜீத். அவர் வென்ற தொகுதி உலு சிலாங்கூர். பத்தாங் காலி, ராசா, கெர்லிங், களும்பாங் என்று பால்மரத் தோட்டங்கள் நிறைந்த பகுதி. நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் ஒரு பெண்ணை அனுப்பிவைத்த ஒரே தொகுதி நம் வட சிலாங்கூரில் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

வரிசையில் நின்றது யார்?

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த அம்மையார் வென்ற நாளில் உலு சிலாங்கூர், கோல சிலாங்கூர் தோட்டத்து லயங்களில் இருந்த நம் பெண்கள் எத்தனை பேர் வாக்களித்திருப்பார்கள்?

நாடு முழுவதும் அன்று பதிவாகியிருந்த வாக்காளர்கள் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள், 11 பேர் சீனர்கள். இந்தியர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. மக்கள்தொகையிலோ இந்தியர்கள் நூற்றுக்குப் பதினொருவர். ஆக, நம்மில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் கணக்கில் காணாமல் போயிருக்கிறார்கள்.

வாக்குக்கு முன்னால் குடியுரிமை வேண்டும். 1948ஆம் ஆண்டு கூட்டரசு ஒப்பந்தப்படி, வெளியே பிறந்து இங்கு வந்தவர் குடியுரிமை கேட்டால், கடைசி 25 ஆண்டில் 15 ஆண்டு இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மலாயோ ஆங்கிலமோ தெரிய வேண்டும். இங்கேயே நிலையாக இருப்பேன் என்று உறுதி கூற வேண்டும். காலை இருட்டில் பெரட்டுக்கு ஓடி, மதியம் பால் எடுத்து ஸ்டோரில் ஊற்றி, மாலையில் ஆயாக் கொட்டகையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்ணுக்கு அந்தப் பாரத்தைப் பற்றிச் சொல்ல யார் இருந்தார்கள்? சொன்னாலும், கப்பலில் வந்த தேதிக்கு என்ன சாட்சி? தோட்டத்துச் செக்ரோலில் அவள் பெயர் ஒரு மாதிரி இருக்கும், கிராணி எழுதிய வேறொரு தாளில் வேறு மாதிரி இருக்கும். வீட்டு ஆண் மட்டும் எழுதிப் போட்டால் போதும் என்ற நினைப்பு அப்போது பரவலாக இருந்தது. எப்படியும் ஒரு நாள் ஊருக்குத் திரும்பிவிடப் போகிறோம் என்ற நினைப்பும் கூடவே இருந்தது.

பெயரால் உரிமை போனது நமக்கு மட்டும் நடந்ததல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எழுதப் போனபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றுதான் சொன்னார்கள். பெயர் இல்லாதவரைச் சேர்க்க முடியாது என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

இலங்கை மலையகத்துக் கதை அதைவிடக் கசப்பு. அங்கே 1931லேயே வயதுவந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. கிடைத்த வாக்கு கையிலிருந்து பிடுங்கப்பட்டது. முழுத் தீர்வுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் தேயிலை, இந்தப் பக்கம் பால்மரம். இரண்டு இடத்திலும் பெண்ணுக்கு வாக்கு உண்டா இல்லையா என்பதை அவள் கையிலிருந்த தாள்தான் தீர்மானித்தது.

வாக்கில்லாத காலத்திலும்

வாக்கு இல்லாததால் நம் பெண்கள் அரசியலே அறியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1920களின் இறுதியில் அரசு வகுத்த தரக் கூலி, ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, தோட்டத்துப் பெண்களைத் துரைமாரும் அவர்களுடைய ஆட்களும் தொந்தரவு செய்வதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. இராணுவத்தை வைத்து அதை அடக்கினார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் படையில் இருந்த ராசம்மா பூபாலன் பிற்காலத்தில் ஆசிரியைகளுக்குச் சமச் சம்பளம் கேட்டுப் போராடினார். ஜானகி ஆதி நாகப்பன் பெயரும் நமக்குத் தெரியும். துப்பாக்கி பிடித்துப் பயிற்சி எடுத்த தோட்டத்துப் பெண்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தேவகி கிருஷ்ணனையும் இங்கே சொல்ல வேண்டும். 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராண்மைக் கழகத் தேர்தலில், மலாயா சுதந்திரக் கட்சியின் சார்பில் பங்சார் வட்டாரத்தில் நின்று வென்றவர் அவர். இந்த நாட்டில் தேர்தல் மூலம் பொதுப் பதவிக்கு வந்த முதல் பெண் ஒரு தமிழச்சி. பங்சாரிலிருந்து ஈஜோக் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால் அன்றைக்கு ஈஜோக் தோட்டத்து லயத்தில் இருந்த பெண்ணுக்குப் பங்சார் வேறு நாடு மாதிரி.

கார்டு வந்த நாள்

மெர்டேக்காவோடு நிலைமை மாறியது. 1957 அரசியலமைப்பு, அந்த ஆகஸ்டு 31க்குப் பிறகு இந்த மண்ணில் பிறப்பவருக்குப் பிறப்பால் குடியுரிமை என்றது. அதற்கு முன் இங்கே பிறந்தவர்கள் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழித் தேர்வும் வேண்டாம் என்றது. அந்த ஓர் ஆண்டில் யார் போனார்கள், யார் போகவில்லை என்பதுதான் பிறகு நம் குடும்பங்களின் கதையை எழுதியது. 1959 ஆகஸ்டு 19இல் நடந்த அடுத்த பொதுத்தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை 21 லட்சத்தைத் தாண்டியது. இந்தியர் பங்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. தோட்டத்துப் பெண்கள் பலருக்கு உண்மையான முதல் ஓட்டு அந்த 1959 ஓட்டுதான். எழுத்து தெரியாவிட்டால் என்ன, கப்பல் சின்னம் தெரியும். ‘கப்பலுக்குப் போடு’ என்பது அன்று அரசியல் பாடம் முழுவதுமே.

போகாதவர்கள் கையில் சிவப்பு அடையாள அட்டை தங்கிப்போனது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். இருந்தவர்கள் இருந்தார்கள், வரி கட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள், ஓட்டு மட்டும் போடவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் உண்டு. அதற்குள் பிறப்புப் பத்திரங்கள், அடகுச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதங்கள், அவற்றுக்கடியில் ஒரு சிவப்பு அட்டை. ஒவ்வொரு தேர்தலுக்கும் பாட்டிதான் எல்லோரையும் விடியற்காலையில் எழுப்பி அனுப்புவார். அவர் மட்டும் வாசலில் நிற்பார்.

2018இல் அரசாங்கம், 60 வயதைத் தாண்டிய சிவப்பு அடையாள அட்டைக்காரர்களான இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அறிவித்தது. அந்த எண்ணைச் செய்தித்தாளில் படித்தபோது மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. மெர்டேக்கா கிடைத்து 61 ஆண்டு ஆகியிருந்தது.

ஆகவே, தோட்டத்துப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த நாள் எது என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. ஒருத்திக்கு 1955, இன்னொருத்திக்கு 1959, வேறொருத்திக்கு மகன் பல முறை அலைந்து நீலக் கார்டு வாங்கிக் கொடுத்த நாள். சிலருக்கு அந்த நாள் வரவே இல்லை. விழா எடுப்பவர்கள் இதை மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும். அமெரிக்காவில் 2020இல் பெண்கள் வாக்குரிமை நூற்றாண்டைக் கொண்டாடியபோது இதே கேள்வி எழுந்தது. 1920 சட்டம் வந்த பிறகும் தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்கள் பெரும்பாலோர் 1965 வரை வாக்குச்சாவடிக்குள் நுழைய முடியவில்லை. யாருடைய நூற்றாண்டு இது என்று அவர்களுடைய பேத்திகள் கேட்டார்கள், அந்தக் கேள்வியையே கண்காட்சியில் வைத்தார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள்

ஜூலை 27 எப்போதும் ஆடி மாதத்தில் வருகிறது. இதைவிடப் பொருத்தமான காலம் நமக்கு வாய்க்காது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ரவாங், ஷா ஆலாம் அடுக்குமாடிகளுக்குச் சிதறிவிட்டார்கள். (பெஸ்தாரி ஜெயாவை நம்மவர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றுதான் சொல்கிறார்கள்.) அவர்கள் இன்றும் ஒன்றாகக் கூடும் இடம் தோட்டத்து மாரியம்மன் கோயில்தான். ஆடிக் கூழ் ஊற்றும்போது பழைய தோட்டத்து முகங்களை அங்கே பார்க்கலாம். ஆகஸ்டு 25 மகளிர் தினத்தோடு சேர்த்துவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அது நாட்டுக்கே உரிய விழா, அதில் நம் கதை ஓர் ஓரத்தில் நின்றுவிடும். என் ஓட்டு ஜூலை 27க்கு.

மாநாட்டு மண்டபம், மேடையில் பதினெட்டு நாற்காலி, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று அரை நாளை ஓட்டும் விழா மட்டும் வேண்டாம். முன்வரிசை பாட்டிமாருக்கு. வாக்களித்த பாட்டி, சிவப்பு அட்டைப் பாட்டி இருவரும் அந்த வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். பிரமுகர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்கட்டும்.

விழாவின் பெரிய வேலை அந்த ஒரு நாளில் இல்லை, அதற்கு முந்திய ஆண்டுகளில் இருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். ‘உங்களுக்கு வாக்குரிமை எப்போது கிடைத்தது?’ என்று கேட்டால் எந்தப் பாட்டியும் பதில் சொல்ல மாட்டார். முதல் ஓட்டு எங்கே போட்டீர்கள், பள்ளிக்கூடத்திலா, தோட்டத்துக் கொட்டகையிலா? லோரி அனுப்பினார்களா, நடந்து போனீர்களா? அன்றைக்குச் சம்பளம் உண்டா? எந்தச் சேலை கட்டிக்கொண்டு போனீர்கள்? யாருக்குப் போட வேண்டும் என்று யார் சொன்னார்கள், சொன்னபடிதான் போட்டீர்களா? கடைசிக் கேள்விக்குச் சிரிப்புதான் பதிலாக வரும், அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இந்தக் கேள்விகளோடு தத்தம் வீட்டிலேயே தொடங்கலாம். கைப்பேசியில் பதிவு செய்ய அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பழைய கார்டு, குடியுரிமைப் பத்திரம், நாடு கடந்து வந்த கடப்பிதழ் ஆகியவற்றைப் படமெடுத்து வைப்பதும் அவசியம். ஒரு எச்சரிக்கை. கண்காட்சிக்கு என்று சொல்லி மூலப் பத்திரத்தை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். படத்தை வெளியில் வைக்கும்போது அடையாள அட்டை எண்ணை மறைத்துவிடுங்கள். 1955 ஜூலை மாதத் தமிழ் நேசன் போன்ற அன்றைய பத்திரிகைகளையும் தேடிப் பார்க்க வேண்டும். நம் ஏடுகள் அன்று பெண்களிடம் எப்படி ஓட்டுக் கேட்டன என்பதைப் பேத்திகள் படிக்கட்டும்.

நியூசிலாந்துதான் முதன்முதலில், 1893இல், நாடு தழுவிய தேர்தலில் பெண்களுக்கு வாக்களித்த நாடு. அதற்காக ஏறத்தாழ 32,000 பெண்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய சுருளாக்கி, நாடாளுமன்றத்தின் நடுவில் உருட்டிவிட்டார்கள். இன்று அந்தச் சுருளைத் தேசிய நூலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அந்நாட்டவர்கள் அதில் தம் கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தேடிப் பார்க்கிறார்கள். நமக்கு அப்படி ஒரு மனு இல்லை. ஆனால், தெனாமாரம், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், மேரி என்று தோட்டம் தோட்டமாகப் பெண்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை நாமே எழுதலாம். அவர்கள் தாமே சொல்லும் பெயர், அவர்கள் முதல் ஓட்டுப் போட்ட ஆண்டு. போடாதவர் பெயருக்கு எதிரே அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும். பிரதியைக் கோயிலில் ஒன்றும் பள்ளியில் ஒன்றும் வைக்கலாம், புக்கிட் மெலாவாத்தி அரும்பொருளகத்துக்கும் ஒன்று கொடுக்கக் கேட்டுப் பார்க்கலாம்.

இன்றைக்கும் முடியாத கதை

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை குடியுரிமைத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கும் தந்தைவழி போலவே குடியுரிமை என்பது அதில் நல்ல பகுதி, தாய்மார் பல ஆண்டு போராடிப் பெற்றது. அதே திருத்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளை தானாகவே குடிமகனாகும் வழியை அது எடுத்துவிடுகிறது. நம் வட்டாரத்தில் அது யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட திருமணங்களின் சிக்கலும் தொடர்கிறது. பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமையைச் சட்டம் தாயை வைத்தே பார்க்கிறது. தாயிடம் நீலக் கார்டு இல்லையென்றால், தந்தையிடம் இருந்தும் பயனில்லை. 1982 முதல் திருமணப் பதிவு கட்டாயம். இருந்தும் தேசியப் பதிவுத் துறை முகப்பில் இன்னும் நம் பெண்கள் கோப்போடு நிற்கிறார்கள்.

வாக்கு இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் நம் வட்டாரம் பார்த்திருக்கிறது. 2007இல் ஈஜோக், 2010இல் உலு சிலாங்கூர், 2024இல் கோல குபு பாரு என்று மூன்று இடைத்தேர்தல். மூன்று முறையும், மற்ற நாளில் பெயர் தெரியாத தோட்டத்துச் செம்மண் சாலைகளில் அமைச்சர்களின் கார்கள் வரிசைகட்டின. வீடு கேட்டுப் பல ஆண்டு போராடிய புக்கிட் தாகார் வட்டாரத் தோட்டத்து மக்களின் குரல் தேர்தல் நேரத்தில்தான் உரக்கக் கேட்டது. ஓட்டுக்காகத்தான் வந்தார்கள் என்று முகம் சுளிக்கலாம். ஓட்டு இல்லாதவர் வீட்டுக்கு அதற்காகக்கூட யாரும் வருவதில்லையே!

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானால் வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது. முகவரியோ அடையாள அட்டையில் உள்ளதுதான். இடிக்கப்பட்ட லயத்தின் முகவரியை இன்னும் மாற்றாமல் வைத்திருப்பவர்களின் ஓட்டு அந்தப் பழைய இடத்திலேயே கிடக்கும். விழாவுக்கு ஆள் சேர்க்கப் போகும் இளைஞர்கள், பாட்டியிடம் கதை கேட்ட கையோடு, வீட்டில் உள்ளவர்கள் எங்கே வாக்காளராகப் பதிவாகியிருக்கிறார்கள் என்று தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டு வரலாம். ஐந்து நிமிட வேலை.

2030 ஜூலை 27 சனிக்கிழமை. ஆடி மாதத்துச் சனிக்கிழமைக்குக் கோயில் மண்டபமும் பந்தலும் சமையல்காரரும் கடைசி நேரத்தில் கிடைக்காது. ஆலயத் தலைவர்கள் நாட்குறிப்பில் இப்போதே குறித்துவைத்துக்கொண்டால் நல்லது.